முந்தைய நிமிடம்

ஆட்டிசம் உள்ள ஒருவரை மையமாக வைத்து எழுதப்பட்ட நாவல் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், உலகத்தின் பெரும்பாலான வாசகர்கள் மார்க் ஹாடனின் 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்' நாவலைத்தான் சொல்வார்கள். 2003இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஸ்விண்டன் நகரத்துப் பதினைந்து வயதுப் பையன் கிறிஸ்டோஃபர் பூன் கதையைச் சொல்கிறான். எதிர்வீட்டு அம்மாளின் நாய் நள்ளிரவில் புல்தரையில் செத்துக் கிடக்கிறது. மண் கிளறும் கவை அதன் உடம்பில் குத்தி நிற்கிறது. கொன்றது யார் என்று கண்டுபிடித்து அதைப் புத்தகமாக எழுதக் கிறிஸ்டோஃபர் கிளம்புகிறான். அவனுக்குப் பகா எண்கள் பிடிக்கும் என்பதால் அத்தியாயங்களுக்கும் 2, 3, 5, 7 என்றே எண். அந்த ஆண்டின் விட்பிரெட் பரிசு நாவலுக்குக் கிடைத்தது. 2012இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் நாடகமாகி, மறு ஆண்டு ஏழு ஒலிவியே விருதுகளை வாங்கியது.

நாவலுக்குள் எங்கேயும் ஆட்டிசம் என்றோ, அதன் ஒரு வகையாகச் சொல்லப்பட்ட ஆஸ்பெர்கர் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. அட்டையில் ஆஸ்பெர்கர் என்று இருந்தது. பதிப்பகம் போட்ட அந்த ஒரு சொல்லால் ஹாடன் பல வருஷங்களுக்கு மருத்துவ நிபுணர் போலக் கருத்தரங்குகளுக்குக் கூப்பிடப்பட்டார். 2009இல் அவரே விளக்கி எழுதினார்: தனக்கு ஆஸ்பெர்கரைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் தெரியும், ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் பற்றி நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய ஒரு கட்டுரை, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பத்திரிகைக் கட்டுரைகள், அவ்வளவுதான் படித்தது, அதற்கு மேல் வேண்டுமென்றே தேடவில்லை, ஆராய்ச்சியைவிடக் கற்பனையே பெரிது.

ஆட்டிசத்தோடு வாழ்ந்து அறியாத ஒருவர் அந்தப் பாத்திரத்தை எழுதலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த நாவல் இரண்டு தரப்பின் கையிலும் ஆயுதமாகிறது. பார், கற்பனையே போதுமானதாக இருந்திருக்கிறது என்கிறது ஒரு தரப்பு. ஆட்டிசம் உள்ள வாசகர்களில் பலர், எங்களைப் பற்றி உலகம் வைத்திருக்கும் தவறான படங்களில் பாதி இந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்கிறார்கள். நான் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே புத்தகத்துக்குள் கற்பனை ஜெயிக்கும் பக்கங்களும் தோற்கும் பக்கங்களும் இருக்கின்றன. எந்தப் பக்கம் எது என்று பிரித்துப் பார்த்தால், எழுதுகிறவர்களுக்கு உபயோகமான ஒன்று கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஜெயிக்கும் பக்கம் ஆரம்பத்திலேயே வருகிறது. செத்த நாயைக் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டோஃபரிடம் போலீஸ்காரர் கேள்வி கேட்கிறார். வயது என்ன, இங்கே என்ன செய்கிறாய், நாயை ஏன் பிடித்திருந்தாய். கேள்விகள் வேகமாக வருகின்றன. கிறிஸ்டோஃபரின் மாமா ஒருவர் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அங்கே வெட்டும் எந்திரம் மெதுவாகிவிட்டால் பின்னாலிருந்து வரும் ரொட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொள்ளும். தன் தலைக்குள் கேள்விகள் அப்படி அடைத்துக்கொண்டதாக அவன் சொல்கிறான். நெற்றியைத் தரையில் வைத்து முனகுகிறான். அந்த முனகல் அவனுக்கு ஓர் ஏற்பாடு. வெளிச்சத்தம் உள்ளே வராமல் அது தடுக்கிறது. போலீஸ்காரர் அவன் கையைப் பிடித்துத் தூக்குகிறார். அவன் அடித்துவிடுகிறான்.

போலீஸ் அறிக்கையில் அது ஒரே வரி: விசாரித்த அதிகாரியைச் சிறுவன் தாக்கினான். நாவலுக்கு அந்த வரிக்கு முந்தைய நிமிடம் தெரிந்திருக்கிறது. கேள்வி எப்படிக் குவிந்தது, எந்த இடத்தில் அடைத்தது, அடைப்பை அவன் எப்படிச் சமாளிக்கப் பார்த்தான், சமாளிப்பின் நடுவில் யார் வந்து தொட்டார்கள் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. படிக்கும் நமக்கு அடி விழுந்தது ஆச்சரியமாகவே இல்லை.

அதேபோல் ரயில் பயணம். அப்பாவிடமிருந்து தப்பித்து, இறந்துபோனாள் என்று அவனிடம் சொல்லப்பட்ட அம்மாவைத் தேடி, அவன் தனியாக லண்டன் போகிறான். ரயிலில் சாமான் வைக்கும் தட்டில் ஏறிச் சுருண்டுகொள்கிறான். பாடிங்டனில் இறங்கியதும் விளம்பரப் பலகைகள், வழிகாட்டிப் பலகைகள், கடைப் பெயர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் நுழைகின்றன. அச்சிட்ட பக்கத்திலேயே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக் குழம்பிக் கிடக்கின்றன. நமக்குப் பலகைகளில் முக்கால்வாசி கண்ணில் பட்டும் படாமல் போய்விடுகிறது. அவனுக்கு ஒன்றும் விடுபடுவதில்லை. இதை எழுத ஹாடனுக்கு ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. வடிகட்டாமல் பார்த்தால் ஒரு ரயில் நிலையம் எப்படி இருக்கும் என்று தன் கண்ணைக்கொண்டே கற்பனை செய்ய முடிந்திருக்கிறது.

தோற்கும் பக்கம் எது என்றால், கிறிஸ்டோஃபர் தன்னைப் பற்றி விளக்கம் சொல்லும் இடங்கள். சிறுவயதில் தனக்கு நடந்த ஒரு சோதனையை அவன் விவரிக்கிறான். ஸ்மார்ட்டீஸ் மிட்டாய்க் குழலைக் காட்டி உள்ளே என்ன என்று கேட்கிறார்கள். மிட்டாய் என்கிறான். திறந்தால் பென்சில். இப்போது உன் அம்மா உள்ளே வந்தால் என்ன இருக்கும் என்று சொல்வாள்? பென்சில் என்கிறான். மற்றவர்களுக்கும் தனி மனம் உண்டு என்று அப்போது தனக்குத் தெரியவில்லை என்கிறான்.

உளவியலில் இந்தச் சோதனைக்குப் பெரிய வம்சாவளி உண்டு. சைமன் பரோன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பொம்மைகள். சாலி கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். அடுத்தவர் மனத்தை ஊகிக்கும் திறன் ஆட்டிசத்தில் குறைவு என்ற கோட்பாடு இதிலிருந்து வளர்ந்து, வகுப்பறைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய், ஹாடனின் கதாநாயகன் வாய்க்குள்ளும் வந்துவிட்டது. தன்னைப் பற்றி அவன் பேசுவதுபோல இருக்கிறது, பேசுவது சோதனைச்சாலை. வெளியிலிருந்து எழுதப்பட்ட ஒரு குறிப்பைத் தன்மை ஒருமையில் மாற்றிப் போட்டால் அது அகக்குரல் ஆகிவிடாது.

கோட்பாடும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் ஒரு சமூகவியலாளர், ஆட்டிசம் உள்ளவர். 2012இல் அவர் வைத்த வாதம் எளிமையானது. இரண்டு பேருக்கிடையே புரிதல் அறுந்துபோனால் ஏன் ஒருவரிடம் மட்டும் குறை தேடுகிறீர்கள்? ஆட்டிசம் இல்லாதவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவர்களின் மனம் புரிகிறதா? எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. எட்டுப் பேர் கொண்ட வரிசைகள். முதலாமவருக்கு ஒரு கதை சொல்லப்படும். அவர் இரண்டாமவருக்கு, அவர் மூன்றாமவருக்கு என்று அது போகும். எட்டுப் பேருமே ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையில் கதை, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையில் போனது போலவே சேதமில்லாமல் போனது. இரண்டு சாராரும் கலந்திருந்த வரிசைகளில்தான் அதிகம் சிந்தியது.

ஒரு நாவலாசிரியருக்கு இது பெரிய செய்தி. இந்தப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர், அந்தப் பக்கத்தை எட்டிப்பார்த்து எழுதுவதோடு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. தன் பக்கத்துப் புரியாமையையும் கதைக்குள் கொண்டுவர வேண்டும். கேள்விகளைக் குவித்த போலீஸ்காரரின் அவசரம், தொட்டால் ஆறுதல் என்று நம்பிய அவரது கை, இவையும் பாத்திரங்களே.

பெரும்பாலான கதைகள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. 'ரெய்ன் மேன்' (1988) நான்கு ஆஸ்கர் விருதுகளை வாங்கி, ஆட்டிசம் என்ற சொல்லை உலகத்தின் கடைக்கோடி வரை கொண்டுபோன படம். அந்த நன்மையை மறுக்கக் கூடாது. ஆனால் படத்தில் மாறுவது யார்? தம்பி சார்லி. சுயநலக்காரனாக ஆரம்பித்து அன்பு தெரிந்தவனாக முடிகிறான். அண்ணன் ரேமண்ட், விடுதியிலிருந்து கிளம்பி விடுதிக்கே திரும்புகிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்று படம் யோசித்த நேரம் மிகக் குறைவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரைக்கதையாசிரியர் பேரி மாரோவுக்கு இந்தப் பாத்திரத்துக்கான பொறி கிம் பீக் என்பவரைச் சந்தித்ததில் கிடைத்தது. பீக்குக்கு மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டை பிறவியிலேயே இல்லை. அவருக்கு இருந்தது ஆட்டிசமில்லை என்றே பின்னாளில் கருதப்பட்டது. ஆட்டிசம் என்றால் அபாரமான நினைவாற்றல், சிந்திய பல்குத்தும் குச்சிகளை ஒரே பார்வையில் எண்ணும் மூளை என்ற நம்பிக்கை இந்தக் குழப்பத்தின்மேல் கட்டப்பட்டது. அதன் விலையை இன்றைக்கும் பெற்றோர்கள் கொடுக்கிறார்கள். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சொன்ன மறுகணம், அப்படியா, என்ன டேலன்ட் இருக்கு என்று கேட்கிற உறவினர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.

தமிழில் 2013இல் வந்த 'ஹரிதாஸ்' நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டது. ஒரு போலீஸ் அதிகாரி, தான் அதுவரை கூட இருந்து வளர்க்காத மகனோடு இருக்கக் கற்றுக்கொள்ளும் காட்சிகளில் உண்மை இருக்கிறது. இருந்தும் அந்தப் பையனை நாம் ஏற்றுக்கொள்ள அவன் ஓடி ஜெயிக்க வேண்டியிருக்கிறது. ஓடத் தெரியாத, ஜெயிக்காத, கடைசி வரை பேசாத பிள்ளைக்கு நம் கதைகளில் என்ன இடம்?

சென்னைப் புறநகர் ரயில் நிலையம் ஒன்றில் என் தோழியோடும் அவள் மகனோடும் வண்டிக்குக் காத்திருந்தேன். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். பேச்சு அதிகமில்லை. நடைமேடை இரும்பு பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தோம், அவன் உட்காரவில்லை. பெஞ்சின் கைப்பிடியில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றான். எடுப்பான், மறுபடி வைப்பான். பக்கத்தில் இருந்த பெரியவர், "தம்பி, பெஞ்ச தட்டாம சும்மா நில்லு" என்றார். தோழி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மெதுவாக, "விளையாடலைப்பா. வண்டி வருதான்னு பாக்கறான்" என்றாள். "ஹாரன் திடீர்னு அடிச்சா அவனால தாங்க முடியாது. கைய வெச்சிருந்தா அதிர்றது முன்னாடியே தெரிஞ்சிருமாம். இவன்தான் எனக்கே காட்டினான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கையை எடுத்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். மெல்லிய நடுக்கம். பிறகுதான் ஹாரன்.

கதையில் இந்தப் பையனை எழுதுகிற ஒருவர், 'பொருள்களைத் திரும்பத் திரும்பத் தொடுவான், காதைப் பொத்திக்கொள்வான்' என்று எழுதினால் அதில் பொய் ஒன்றும் இல்லை. மருத்துவக் குறிப்பேட்டிலும் அப்படித்தான் இருக்கும், தனித்தனியாக, இரண்டு அறிகுறிகளாக. இரண்டையும் இணைக்கும் காரணம், அவன் வண்டி வருவதை நம் எல்லாரையும்விட முன்னால் தெரிந்துகொள்ளும் ஒரு வழியைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான் என்பது, குறிப்பேட்டில் வராது. அது கதையில்தான் வர முடியும். அதற்கு எழுத்தாளருக்கு ஆட்டிசம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அவன் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்ற மரியாதை வேண்டும். காரணம் பிடிபடவில்லை என்றால் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கல்யாண மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுதிப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல களம் இல்லை. வெளியிலிருந்து எழுதினால், மாங்கல்ய தாரண நேரத்தில் பையன் ஒருவன் காரணமில்லாமல் அலறிப் புரண்டு, அம்மா அவனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள் என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். இப்போது ஒரு மணி நேரம் பின்னால் போவோம். காலையிலேயே அவனுக்கு அம்மா சொல்லிவைத்திருக்கிறாள்: முதலில் டிபன், அப்புறம் தாலி கட்டுவாங்க, அப்புறம் வீட்டுக்கு. அவன் அந்த மூன்றையும் மனத்தில் அடுக்கி வைத்திருக்கிறான். முதல் பந்தி நிறைந்துவிட்டது. அடுத்த பந்திக்கு உட்காரலாம் என்றார்கள். அடுத்த பந்திக்குள் முகூர்த்தம் வந்துவிட்டது. அடுக்கின் முதல் படி காணாமல் போய்விட்டது. இரண்டாவது எப்படி முதலில் வரும்? புதுப் பட்டுச் சட்டை, கழுத்துக்குப் பின்னால் கம்பெனித் துணித்துண்டு முள்ளாகக் குத்துகிறது. பெரியம்மா ஒருத்தி கன்னத்தைக் கிள்ளி, "என்னடா, என்ன தெரியுதா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள், கிள்ளிய இடம் இன்னும் எரிகிறது. வீடியோக்காரரின் விளக்கு சுற்றிச் சுற்றி வருகிறது. அத்தனையையும் அவன் தாங்கிக்கொண்டு, விரல்களை ஒன்றோடொன்று பின்னிப் பிரித்தபடி நிற்கிறான். மேடையில் யாரோ ஆள்காட்டி விரலை உயர்த்தினார்கள். அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று மண்டபத்தில் இருந்த ஐந்நூறு பேருக்கும் தெரியும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கெட்டிமேளம் முழங்கியது.

இப்படி எழுதினால் அலறல் அவனுடைய முதல் செயலாக இருக்காது, ஒரு மணி நேரப் பொறுமையின் கடைசிச் செயலாக இருக்கும். அந்த மண்டபத்திலேயே மிகப் பொறுமையாக இருந்தவன் அவன்தான் என்பதும் தெரியவரும்.

துன்பத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதும் குறைதான். ஆட்டிசம் உள்ளவர்கள் எழுதிய புத்தகங்களைப் படிக்கும்போது எனக்கு முதலில் உறைத்தது அவற்றில் இருந்த சந்தோஷம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதில், தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில், ஒரு விஷயத்தின் அடி ஆழம் வரை போய்த் தெரிந்துகொள்வதில் உள்ள முழுமையான சந்தோஷம். கைகளை உதறுவது பதற்றத்தில் மட்டும் வருவதில்லை. மகிழ்ச்சி தாங்காமலும் வரும். வெளியிலிருந்து எழுதும் கதைகளில் இந்த இரண்டாவது உதறலைக் காண்பதே அரிது.

ஆகவே வாசிப்பு. ஹாடன் சொன்ன கற்பனையின் பெருமையை நான் ஏற்கிறேன். ஆனால் அவர் படித்தது இன்னொருவர் டெம்பிள் கிராண்டினைப் பற்றி எழுதியது. கிராண்டினே 1986இல் தன் கதையை எழுதியிருந்தார். ஆஸ்திரேலியாவின் டோனா வில்லியம்ஸ் 1992இல் எழுதினார். நம் நாட்டில் வளர்ந்த டீட்டோ முகோபாத்யாய், பேச்சு வராத சிறுவன், அம்மா சோமா எழுத்துப் பலகையை வைத்துக் கற்றுக்கொடுக்க எழுதத் தொடங்கி, எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட வயதில் எழுதியவை 2000இல் பிரிட்டனில் புத்தகமாயின. தன் உடம்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதுபோல இருக்கும், அதை ஒன்று சேர்க்கப் பாடுபட வேண்டியிருக்கும் என்கிற உணர்வை அதில் படித்த பிறகு, சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு குழந்தையை நான் பழைய கண்ணால் பார்க்கவில்லை. பேசாத பாத்திரத்தை எழுத நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இவரை. பேசாதவர்களுக்கு உள்ளே ஒன்றும் ஓடுவதில்லை என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட கதைகள் உலகம் முழுக்க நிறைய இருக்கின்றன.

கூடவே வாழ்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்ல முடியாது. ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993இல் டொரண்டோ மாநாட்டில் பெற்றோர்களைப் பார்த்து, உங்கள் துக்கம் நீங்கள் எதிர்பார்த்து வராமல்போன ஒரு குழந்தைக்கானது, அதை வந்திருக்கும் எங்கள் தலையில் சுமத்தாதீர்கள் என்ற பொருளில் பேசினார். பெற்றோரின் கதை பெற்றோரின் கதை. அது அவசியமானது, ஆனால் வேறு கதை. அதைத் தாண்டிப்போன பெற்றோர்களும் உண்டு. எலிசபெத் மூனின் மகன் ஆட்டிசம் உள்ளவர். அவர் எழுதிய 'தி ஸ்பீட் ஆஃப் டார்க்' நாவல் நெபுலா விருது பெற்றது. அதன் நாயகன் லூ வளர்ந்த மனிதன். மருந்துக் கம்பெனியில் வேலை, சம்பளம். அலுவலகத்தில் அவன் பிரிவுக்கென்று குதித்து மனத்தை அமைதிப்படுத்தத் துள்ளுமேடை இருக்கிறது. வாள்சண்டை பயில்கிறான். ஒருத்தியின்மேல் ஆசை. ஆட்டிசத்தை நீக்கும் புதிய சிகிச்சைக்கு உட்படச் சொல்லி மேலதிகாரி நெருக்குகிறார். லூ யோசிக்கிறான்: அது போய்விட்டால் இந்த ஆசை யாருடையதாக இருக்கும்? ஒரு மனிதன் தன் வாழ்க்கையைப் பற்றி எடுக்கும் முடிவாகக் கதை நகர்கிறது. சுற்றியிருப்பவர்கள் திருந்துவதற்காக அவன் அங்கே இல்லை. தமிழில் ஆட்டிசம் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் யெஸ். பாலபாரதி, 'துலக்கம்' நாவலில் ஆட்டிச நிலைச் சிறுவன் ஒருவனை மையத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாதையில் அவருக்குப் பின்னால் கூட்டம் இல்லை.

அனுபவம் உண்டா இல்லையா என்ற கோடே சில சமயம் நாம் நினைத்த இடத்தில் இருப்பதில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் ஹோவாங் ஒரு காதல் நாவலுக்காக ஆட்டிசம் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்கத் தன் வாழ்க்கையே அங்கே இருப்பதைக் கண்டார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, 2016இல், அவருக்கு ஆட்டிசம் என்று உறுதியானது. இரண்டு வருஷம் கழித்து வந்த 'த கிஸ் கோஷண்ட்' அந்த வாசிப்பின் விளைவு. பெண்கள் இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் ஆட்டிசம் என்று விவரித்த 11 குழந்தைகளில் எட்டுப் பேர் ஆண். அடுத்த ஆண்டு ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய நால்வரும் ஆண். மருத்துவம் பையன்களைப் பார்த்துப் பட்டியல் போட்டது, கதைகள் பட்டியலைப் பார்த்துப் பையன்களை எழுதின, ஆசிரியைகளும் அம்மாக்களும் அந்தக் கதைகளைப் பார்த்துப் பையன்களிடம் மட்டும் தேடினார்கள். ஆட்டிசம் உள்ள எழுத்தாளரான எல் மெக்நிகாலின் 'எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்' (2020) நாவலில் வரும் ஆடி என்ற சிறுமி இந்த வட்டத்தை உடைக்கிறாள். ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில், முற்காலத்தில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று ஊரோடு மல்லுக்கு நிற்பவள் அவள். அவளுக்கு வேண்டியது அந்த நினைவுச்சின்னம். ஆட்டிசம் அதை அவள் கேட்கும் விதத்தில் இருக்கிறது.

எழுதி முடித்த பிரதியை யாரிடம் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவரிடம் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அவர் பட்டியலைச் சரிபார்ப்பார். ஆட்டிசம் உள்ள வாசகர்கள் பிரதியைப் படிக்க வேண்டும். ஒருவர் போதாது, ஒருவர் இன்னொருவர் மாதிரி இருப்பதில்லை. அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். பாடகி சியா இயக்கிய 'மியூசிக்' (2021) படத்தில், நிலைகுலைந்த ஒரு பெண்ணைத் தரையில் அழுத்திப் பிடிப்பது அன்பான உதவி போலக் காட்டப்பட்டது. அப்படிப் பிடித்ததில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள் என்று ஆட்டிசம் உள்ளவர்கள் எதிர்த்த பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் பேச்சு படப்பிடிப்புக்கு முன்பே காதில் விழுந்திருந்தால் அந்தக் காட்சி எடுக்கப்பட்டே இருக்காது.

கேனரின் 11 குழந்தைகளில் முதலாவது, டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர். 1938இல் அவனைப் பால்டிமோரில் இருந்த கேனரிடம் அழைத்துவருவதற்கு முன் அவன் அப்பா 33 பக்கங்களுக்குக் கடிதம் எழுதினார். பையன் எதைச் சுழற்றுகிறான், எதற்குத் திரும்புவதில்லை, பைபிளின் எந்தச் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்கிறான் என்று ஒவ்வொன்றாக. மருத்துவ வரலாற்றில் அவன் என்றைக்கும் அந்தக் குழந்தையாகவே இருக்கிறான். டொனால்ட் அதற்குப் பிறகு எண்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். கல்லூரியில் பிரெஞ்சு படித்தார். ஊர் வங்கியில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகப் பல நாடுகளைச் சுற்றினார். தெரிந்தவர்களுக்கு எல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்து, எத்தனை வருஷம் கழித்துச் சந்தித்தாலும் அந்த எண்ணைச் சொன்னார். ஊர் அவரை அவர் போக்கில் இருக்கவிட்டது. வெளியூர்க்காரர் யாராவது தொந்தரவு செய்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று எச்சரிக்கவும் செய்தது. 2023இல், 89 வயதில் இறந்தார்.

புனைகதை இன்னும் அந்த 33 பக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் ஐம்பது அறுபது வயதில் இருக்கிறவர்களுக்குச் சிறுவயதில் டயக்னோஸ் ஆகியிருக்க வழி மிகக் குறைவு. ஒரு மாதிரி, தானுண்டு தன் வேலையுண்டு என்றிருப்பார், சாப்பாட்டில் மட்டும் பிடிவாதம் என்று குடும்பம் சொல்லி, அண்ணன் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கொடுத்து வைத்திருக்கும். அவர்களுக்கு இன்ன பெயருள்ள நிலை என்று எழுத்தாளர் தீர்ப்பு எழுத வேண்டாம், ஹாடன் நாவலுக்குள் செய்ததுபோல அந்தச் சொல்லே இல்லாமல் எழுதலாம். தெரபி சென்டர் வாசலில் காத்திருக்கும் இன்றைய அம்மாக்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்களுக்கப்புறம் இவனை யார் பாத்துப்பாங்க?" பின்கட்டில் இருப்பவருக்கு அந்த 'அப்புறம்' ஏற்கெனவே வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அம்மா போனபின் அவருடைய காலைகள் எப்படி மாறின, எதைக் கேட்காமல் விட்டார், எதை விடாமல் கேட்டு வாங்கினார் என்று அவர் பக்கத்திலிருந்து சொல்லும் ஒரு தமிழ் நாவலை நான் படிக்க ஆசைப்படுகிறேன். அண்ணி அவருக்கு எத்தனை மணிக்குச் சோறு போடுகிறாள், குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைக்க அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்பதிலிருந்து அது தொடங்கலாம்.